சாவியோடு ஒரு நோட்டும்

போன இதழில் என் 1958 மாடல் மோரிஸ் மைனர் காரை விற்றுவிட்டதை நாலு வரியில் எழுதிவிட்டு, பைக் செயினுக்கு எப்போது ஆயில் விடுவது என்ற கேள்விக்குத் தாவியிருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. செயினைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. சரி, இந்த முறை முழுக்கப் பழைய கார் விற்பதைப் பற்றியே பேசிவிடுவோம். மற்ற கேள்விக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் இருபத்தாறு வருஷம் ஆசையாக வைத்திருந்த பழைய கார். அவர் போய் நாலு வருஷமாகிறது. வண்டி ஷெட்டிலேயே நிற்கிறது. பிள்ளைகள் இருவருக்கும் அதில் நாட்டமில்லை, எனக்கு ஓட்டத் தெரியாது. விற்றால் அவருக்குத் துரோகம் செய்ததாகிவிடுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. — ஒரு வாசகி

பதில்: அம்மா, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். துரோகம் என்று பார்த்தால், அந்த வண்டியை நிறுத்தி வைத்திருப்பதுதான். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டி சீக்கிரம் கெடும். டாங்கில் கிடக்கும் பெட்ரோல் சில மாதங்களிலேயே பழசாகிப் பிசுபிசுத்து, கார்புரேட்டரின் சின்னத் துளைகளை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் காற்றின் ஈரத்தை இழுத்து டாங்கின் உள்ளே துருவேற்றும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். பிரேக் ஆயிலும் ஈரம் உறிஞ்சும் சாமான்தான். வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒட்டிக்கொண்டு, நாலு ஆள் தள்ளினாலும் நகராத வண்டிகளை என் ஒர்க்‌ஷாப்பில் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அதனால் முதலில் ஒன்று. "ஓடுதான்னு பார்ப்போம்" என்று யார் வந்து சாவியைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நாலு வருஷம் நின்ற இன்ஜினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்தால், உள்ளே எண்ணெய்ப் பசையே இல்லாமல் இரும்போடு இரும்பு உரசும். பழைய வண்டி தெரிந்த ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். அவர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்ப்பார். பழைய பெட்ரோலை வடிப்பார். இதையெல்லாம் செய்யாமல் நேரே பேட்டரியை மாட்டுகிறவர் என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது காகிதம். பதிவுச் சான்று உங்கள் கணவர் பெயரில்தான் இருக்கும். விற்பதற்கு முன்னால் வாரிசு என்ற முறையில் என்னென்ன செய்ய வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்க ஆள் வந்த பிறகு இதற்காக அலைந்தால் அந்த ஆள் நிற்க மாட்டார். அப்புறம் அவருடைய மேசை இழுப்பறையைப் பாருங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கிய ரசீது, கையால் எழுதிய கணக்கு, எந்த வருஷம் கிளட்ச் மாற்றினார் என்ற குறிப்பு, வண்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ, எதையும் குப்பை என்று நினைக்காதீர்கள். பழைய கார் வாங்குகிறவன் தகரத்தை மட்டும் வாங்குவதில்லை. அந்தக் கட்டுக் காகிதத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறான்.

யாருக்கு விற்பது? என்னிடம் வந்தவர்களை நான் மூன்று கேள்வி கேட்டேன். வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், ரிப்பேர் யார் பார்ப்பார்கள், இந்த மாதிரி வண்டியை முன்னால் ஓட்டியிருக்கிறீர்களா. ஒருவர் "வீட்டு வாசல்ல அலங்காரமா நிறுத்தி வைப்பேன்" என்றார். மழையிலும் வெயிலிலும் அலங்காரம். அதிக விலை சொன்னவரும் அவர்தான். விட்டுவிட்டேன். கடைசியில் வாங்கிய பையன் பழைய சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வணக்கம் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறக்கும் முன்பே தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். பாதி முடிவு நான் அப்போதே எடுத்தாகிவிட்டது.

கணவர் நினைவாக ஏதாவது வேண்டுமென்றால் சாவி வளையத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் நடுவில் இருக்கும் ஹாரன் பட்டனையோ மூக்கு நுனியிலுள்ள சின்னத்தையோ மட்டும் கழற்றிவிடாதீர்கள். அது இல்லாமல் வாங்கியவர் அதே சாமானைத் தேடி வருஷக்கணக்கில் அலைவார்.

கேள்வி: அண்ணே, விற்கும் முன் ஃபுல் பெயிண்ட் அடித்தால் நல்ல விலை போகுமா?

பதில்: போகாது தம்பி. புதுப் பெயிண்டைக் கண்டதும் விவரம் தெரிந்தவன் மனசில் எழும் முதல் கேள்வி, "அடியில் என்ன மறைச்சிருக்கான்?" என்பதுதான். சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பான். மெல்லிய துணி சுற்றி, கதவின் கீழ் ஓரம், மட்கார்டு வளைவு, கால் வைக்கும் தளம் என்று ஒட்டிக்கொண்டே போவான். தகரத்தில் ஒட்டும், பட்டி அடைத்த இடத்தில் நழுவும். பத்து நிமிஷத்தில் உங்கள் பெயிண்ட் செலவு காலி.

பழைய வண்டிக்காரர்கள் இப்போது வேறு மாதிரி யோசிக்கிறார்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 'ஃபீவா' 1966-இல் தொடங்கியது. முப்பது வருஷமாவது ஆன, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத, உரிய நிலையில் காக்கப்பட்ட வண்டியைத்தான் அவர்கள் வரலாற்று வாகனம் என்பார்கள். 2012-இல் அவர்கள் ஏற்ற டூரின் சாசனம், இருப்பதை இருக்கிறபடி காப்பாற்றுவதற்குத்தான் முதலிடம் தருகிறது. வழித்தெடுத்துப் புதுசாக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். மங்கிய பெயிண்டும் தேய்ந்த சீட்டும் அந்த வண்டி வாழ்ந்ததற்குச் சாட்சி. கழுவித் துடையுங்கள், டிக்கியைக் காலி செய்யுங்கள், ஸ்டெப்னியில் காற்றடியுங்கள். போதும்.

கேள்வி: குறைகளையெல்லாம் சொன்னால் ஆள் ஓடிவிட மாட்டாரா? எவ்வளவு சொல்வது, எவ்வளவு விடுவது?

பதில்: இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நான் ஏமாந்த கதை. முப்பத்தொரு வருஷம் முன்பு நான் அந்த மைனரை வாங்கியபோது, விற்றவர் நல்ல பேச்சுக்காரர். "கைப்பிள்ளை மாதிரி வளர்த்தேன்" என்றார். நானும் மெக்கானிக்தான், இருந்தாலும் ஆசை கண்ணை மறைத்தது. வாங்கிய மூன்றாவது வாரம், வளைவில் மெதுவாகத் திரும்பும்போது முன்பக்க இடது சக்கரம் அப்படியே உள்ளே மடங்கி, வண்டி மண்டியிட்டது. வேகமாகப் போயிருந்தால் இந்தப் பகுதியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

காரணம் ட்ரனியன். மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டு, மரை போட்ட ஒரு உலோகத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் அது சுழலும். தவறாமல் கிரீஸ் அடித்தால் காலத்துக்கும் உழைக்கும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுவிடும். அந்த மனிதர் அங்கே கிரீஸ் கன்னை வைத்தே பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைக்குச் சட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் என் நோட்டு. இருநூறு பக்க கோடு போட்ட நோட்டு, மூன்று ஆகிவிட்டது. எந்தத் தேதியில் எங்கே கிரீஸ், எந்த போல்ட்டின் மரை கெட்டிருக்கிறது, எந்த ஒயரை நான் நிறம் மாற்றிப் போட்டேன் என்று எல்லாம் அதில் உண்டு. விற்பது என்று முடிவானதும், வண்டியின் பழக்கவழக்கங்களை மட்டும் இருபது பக்கத்தில் தனியாக எழுதினேன்.

முதல் கியரில் சிங்க்ரோ, அதாவது கியர் கத்தாமல் விழ உதவும் அமைப்பு, கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறக்க வேண்டுமென்றால் இரண்டு தடவை கிளட்ச் மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் வராது, அது கரண்டை மட்டும்தான் விடும். ஸ்டார்ட்டருக்குத் தனியாக ஒரு குமிழை இழுக்க வேண்டும். இண்டிகேட்டர் என்பது கதவுத் தூணிலிருந்து கை மாதிரி நீளும் சமிக்ஞை. இடது கை சில நேரம் மடங்க மறுக்கும், ஜன்னல் வழியே ஒரு தட்டு தட்டணும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போகிறது. புது வண்டிப் பழக்கத்தில் மாற்றி மாட்டினால் புகை வரும்.

அப்புறம் எஸ்.யூ. கம்பெனி பெட்ரோல் பம்ப். சாவியைத் திருப்பியதும் டிக்டிக்டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிடும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் டாங்க் காலி. அடிக்கவே இல்லையென்றால் ஸ்பேனரின் பின்பக்கத்தால் பம்பை லேசாகத் தட்டினால் உயிர் வரும். இது பதினோராம் பக்கம்.

குறைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். வலது பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ஒட்டு வேலை செய்திருக்கிறது. சூடான இன்ஜினில் ஆயில் பிரஷர் கொஞ்சம் இறங்கும். டிரைவர் பக்கத் தரையில் துரு ஆரம்பித்திருக்கிறது. வால்வ் சீட், அதாவது வால்வ் மூடும்போது வந்து உட்காரும் வளையம், பழையதுதான். அந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் செய்தது. ஈயம்தான் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெத்தை மாதிரி இருந்தது. ஈயமில்லாப் பெட்ரோலில் விரட்டி ஓட்டினால் சீட் மெல்ல மெல்லத் தேயும். ஆகவே அடுத்த முறை இன்ஜின் டாப்பைப் பிரிக்கும்போது கடினமான சீட் போட்டுவிடவும் என்று எழுதினேன்.

அந்தப் பக்கத்தை முதலிலேயே பையன் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதுல அஞ்சாவது நான் கவனிக்கவே இல்லை சார்" என்றான். பட்டியலில் அஞ்சாவது, அவன் படுத்துப் பார்த்தும் தென்படாத ஒரு விரிசல், இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில். ஓடிவிடவில்லை. பேரம் பேசினான், குறைத்தேன். அவ்வளவுதான். குறையைச் சொன்னதால் ஓடுகிறவர் ஓடட்டும். வாங்கிய பிறகு கண்டுபிடித்து உங்கள் வாசலில் வந்து நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆக, எவ்வளவு விடுவது என்று கேட்டீர்களே, எதையும் விட வேண்டாம். பிரேக், ஸ்டியரிங், சக்கரம் சம்பந்தப்பட்டதை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதியும் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் காரை ஒரு காலத்தில் ஒரு பிரபலம் வைத்திருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லி விற்கலாமா?

பதில்: காகிதம் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால், "வீட்டில் அப்படிச் சொல்வார்கள்" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பழைய பதிவுச் சான்றில் பெயர், அவர் வண்டியோடு நிற்கும் போட்டோவில் எண் பலகை, இந்த மாதிரி ஏதாவது ஒன்று இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

பிரபலம் இல்லாவிட்டாலும் வண்டிக்கே கதை இருக்கும். என் பையன் (பார்த்தீர்களா, என் பையன் என்றே வருகிறது) "பானெட் நடுவுல ஏன் சார் பட்டையா ஒரு மேடு?" என்று கேட்டான். மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸுக்கு, உற்பத்தி தொடங்கும் சமயத்தில், வண்டி ஒல்லியாக இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் தள்ளியதும் கண்ணுக்குச் சரியாகப் பட்டது. அந்த நாலு அங்குலம்தான் பானெட்டின் நடுப்பட்டை. பம்பர்கள் அதற்குள் தயாராகிவிட்டதால், ஆரம்பகால வண்டிகளில் பம்பரை நடுவில் வெட்டி ஒட்டுத் துண்டு வைத்தார்கள். 1948-இல் லண்டன் மோட்டார் கண்காட்சிக்கு வந்த அந்த வண்டி, பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் ஆனது. இதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பேரம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

கேள்வி: ஓடோமீட்டரில் ஐந்து எண்கள்தான் இருக்கின்றன. எத்தனை தடவை சுற்றியது என்று தெரியாது. வாங்குபவரிடம் என்ன சொல்ல?

பதில்: தெரியாது என்று சொல்லுங்கள். 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யம்தான், அது உலகத்துக்கே தெரியும். பழைய வண்டியில் எத்தனை ஓடியது என்பதைவிட எப்படி ஓட்டினார்கள் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற ஆசிரியர் 1966-இல் வாங்கிய வால்வோ பி1800-ஐ 2013-இல் முப்பது லட்சம் மைல் தாண்ட வைத்தார். ஒழுங்காக ஆயில் மாற்றினார், பராமரிப்பைத் தள்ளிப்போடவில்லை. வேறு மந்திரம் இல்லை.

டயரை மட்டும் பார்த்து வையுங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2315 என்றால் 2015-ஆம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரம் செய்தது. பூ தேயாமலேயே கிழடான டயர்கள் பழைய வண்டிகளில்தான் அதிகம். வாங்குகிறவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடலாம்.

கேள்வி: ஒருவர் போன் செய்து, பார்க்காமலே வாங்கிக்கொள்கிறேன், கேட்டதைவிட அதிகமாகவே காசோலை அனுப்புகிறேன், மிச்சத்தை வண்டி ஏற்ற வரும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள் என்கிறார். நம்பலாமா?

பதில்: கூடாது. காசோலை சில நாள் கழித்துத் திரும்பி வரும், நீங்கள் கொடுத்த மிச்சம் திரும்பி வராது. பழைய கார்க்காரன் எவனும் பார்க்காமல், தொடாமல், பேரம் பேசாமல் வாங்க மாட்டான்.

நேரில் வருகிறவர்களிடமும் கொஞ்சம் உஷார். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் லைசென்ஸைக் கையில் வாங்கிப் பாருங்கள், அவர் ஓட்டுவதற்கு இன்சூரன்ஸ் செல்லுமா என்று முன்பே கேட்டு வையுங்கள், பக்கத்து சீட்டில் நீங்களும் உட்காருங்கள். முதலில் நீங்கள் ஓட்டிக் காட்டுவது நல்லது. இடம் மாறி உட்காரும்போது சாவி உங்கள் கையில் இருக்கட்டும். இன்ஜினை முன்கூட்டியே சூடேற்றி வைக்காதீர்கள். விவரமானவர் வந்ததும் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி என்று முடிவு கட்டிவிடுவார். பணம் வங்கியில் வந்து சேர்ந்ததை நீங்களே பார்த்த பிறகுதான் வண்டியும் காகிதமும் போக வேண்டும். பெயர் மாற்றத் தகவலை வாங்கியவர் கொடுப்பார் என்று விடாமல் நீங்களும் பதிவு அலுவலகத்துக்குக் கொடுங்கள். அவர் அபராதம் வாங்கினால் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும்.

கேள்வி: விற்ற அன்று அழுதீர்களா?

பதில்: இல்லை. மறுநாள் காலையில் ஷெட்டைக் கூட்டப் போனேன். தரையில் முப்பத்தொரு வருஷ ஆயில் கறை, வண்டி நின்ற அதே அளவுக்கு. கூட்டாமல் வந்துவிட்டேன்.

கேள்வி: நான் போன வருஷம் விற்ற காரை வாங்கியவர் நிறம் மாற்றிவிட்டாராம். கேட்டதிலிருந்து தூக்கமில்லை. திருப்பி வாங்கிவிடலாமா என்று இருக்கிறது. விற்கும்போதே "மறுபடி விற்றால் எனக்குத்தான்" என்று எழுதி வாங்கியிருக்க வேண்டுமோ?

பதில்: எழுதி வாங்கலாம், சிலர் வாங்குகிறார்கள். ஒரே ஊரில் இருக்கிற, ஒருவரை ஒருவர் மதிக்கிற ஆட்களுக்குள் அது நடக்கும். மற்றபடி அது வெறும் ஆறுதல் காகிதம். நிறத்தைப் பற்றியோ சீட் துணியைப் பற்றியோ நிபந்தனை போடுவது மட்டும் அபத்தம். வண்டியை விற்றுவிட்டு அதிகாரத்தை வைத்துக்கொள்ள முடியாது.

திருப்பி வாங்குவதா? நடிகர் ஸ்டீவ் மெக்வீன், தான் ஒரு படத்தில் ஓட்டிய 1968 மஸ்டாங்கின் மேல் ஆசை விடாமல், 1977-இல் அதன் உரிமையாளருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். கெஞ்சிக் கேட்டார் என்றே சொல்லலாம். உரிமையாளர் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் அதை அன்றாடம் வேலைக்குப் போக வர ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டவர் உலகப் புகழ் நடிகர். நீங்களும் நானும் கேட்டு என்ன ஆகப் போகிறது? தூங்குங்கள்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. விற்ற முதல் மாதம், போன் அடித்தாலே வண்டி நின்றுவிட்டதோ என்று ஓடுவேன். நானாகக் கூப்பிடுவதில்லை என்று மட்டும் வைராக்கியம். ஐந்தாவது வாரம் அந்தப் பையனே கூப்பிட்டான். "சார், நடுவழியில நின்னுடுச்சு. பம்ப் அடிக்கல." நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "நோட்டை எடு, பதினோராம் பக்கம்" என்றேன்.

"பார்த்துட்டேன் சார். தட்டினேன், அடிக்குது. வீட்டுக்கே வந்து சேர்ந்துட்டேன். சும்மா சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்" என்றான். பின்னணியில் டிக்டிக் என்று கேட்டது. நாலைந்து தடவை அடித்துவிட்டு நின்றது.